மாசியில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ஒரு சனி, ஞாயிறு: எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது?

குடமுருட்டி:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு வலங்கைமான் பக்கம் கிராமம். தாளடி அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டால் கொஞ்ச நாள் மூச்சு விடலாம். தெளித்த உளுந்து அது பாட்டுக்கு வரும். அந்த இடைவெளியில் குடும்பத்தோடு சென்னை போய்வர எண்ணம். வெள்ளி இரவு கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுவது, ஞாயிறு இரவு எழும்பூரில் அதே வண்டியைப் பிடிப்பது.

ஐந்து பேர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பையன் ஆறாவது, அவனுக்குப் பிரியாணி தவிர உலகத்தில் வேறு சாப்பாடே கிடையாது. இதுவரை சென்னை என்றால் எங்களுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரி, தி. நகரில் ஜவுளி, அவ்வளவுதான். ஊரைப் பார்க்கவும் சாப்பிடவும் என்று போனதே இல்லை.

நான் எழுதி வைத்திருப்பது: மெரினா, வள்ளுவர் கோட்டம், வண்டலூர், மகாபலிபுரம், தி. நகர், கபாலீசுவரர், பார்த்தசாரதி, முடிந்தால் தட்சிணசித்ரா. கூட்டிக் குறைத்துச் சொல்லுங்கள்.

டெல்டா டிரைவர்:
ரயிலை விடுங்கள் அண்ணே, காரில் போங்கள். அணைக்கரை, பண்ருட்டி, விக்கிரவாண்டி என்று சாலை இப்போது பழைய மாதிரி இல்லை. அம்மாவுக்கும் நினைத்த இடத்தில் இறங்கி ஏற வசதி.

ராயபுரம் ராத்திரி:
டிரைவர் அண்ணன் ஊர் எல்லை வரைக்கும் சரியாகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்? சௌகார்பேட்டையில் காரை எங்கே நிறுத்துவது? மயிலாப்பூர் மாட வீதியில்? சாப்பாட்டுக்காகச் சென்னை வருபவர்களுக்குக் கார் ஒரு சுமை. ரயிலிலேயே வாருங்கள். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோ அங்கேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும், அங்கிருந்தே கிளப்புவதும் உண்டு. டிக்கெட் போடும்போதும் கிளம்பும் அன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கம். அங்கிருந்து ஊருக்குள் வருவதற்கே பாதிக் காலை போய்விடும்.

(நான் மாயவரத்துக்காரன். வேலைக்கு வந்து ராயபுரத்திலேயே தங்கிவிட்டேன். அதனால் வடசென்னைப் பாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடலாம். வண்டலூர் ஒரு பக்கம், மகாபலிபுரம் இன்னொரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். தட்சிணசித்ரா முட்டுக்காட்டில் இருக்கிறது, அது மகாபலிபுரம் போகிற நாளில் சேர வேண்டியது. முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு மூன்றையும் திணித்தால் பயணம் முழுக்க வண்டி ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள்.

ஆழித்தேர்:
வள்ளுவர் கோட்டத்தையும் அடித்துவிடுங்கள். 1976-இல் கட்டியது, 2025-இல் புதுப்பித்தார்களாமே, நல்ல இடம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நிற்கும் கல்தேர் எங்கள் திருவாரூர்த் தேரைப் பார்த்துச் செய்தது. அசல் தேர் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறும் தூரத்தில் நிற்கிறது. பங்குனியில் அது அசைந்து வருவதைப் பார்த்தவனுக்கு கல்தேரில் என்ன இருக்கிறது?

சீர்காழி அக்கா:
புதுப்பித்ததும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆழித்தேர் தம்பிக்கு ஊர்ப்பற்று. இருந்தாலும் இந்த முறைக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும்.

முதலில் டிக்கெட் விஷயம். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது தனியாகவோ, அந்த வயது வரம்புக்குள் வரும் இரண்டு பேராகவோ போட்டால்தான். குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால் கணினி அம்மாவையும் எல்லோரையும் போலத்தான் பார்க்கும், நடுப் படுக்கை விழும். அம்மாவுக்குத் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். பெட்டி மாறி விழுந்தால் பகலிலேயே யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இது இரவு வண்டி, ஏறியதும் எல்லோரும் படுத்துவிடுவார்கள். மகளுக்கு அம்மா பெட்டியிலேயே இடம் கிடைக்கிறதா என்று பார்த்து, இரண்டு டிக்கெட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மூத்த குடிமக்கள் சலுகைக் கட்டணம் 2020 மார்ச்சோடு போய்விட்டது, அதைத் தேட வேண்டாம்.

அப்புறம் அறை. எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜ்கள். விடியற்காலையில் போய் இறங்குவீர்கள். சில இடத்தில் 24 மணி நேரக் கணக்கு, சில இடத்தில் பகல் 12 மணிக் கணக்கு. பகல் கணக்கு என்றால் விடியற்காலை நுழைந்ததற்கே ஒரு நாள் வாடகை ஏறிவிடும். போனில் கேட்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

கும்மோணத்துக் காபி:
எல்லாம் சரி, காலையில் காபிக்கு என்ன செய்வார்கள்? நெடுஞ்சாலை முழுக்க பித்தளை டபராவும் எங்கள் ஊர்ப் பெயரும் போட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் மகாமகக் குளத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என் கேள்வி ஒன்றுதான். இட்லி, பொங்கல், காபி எல்லாம் வீட்டு வாசலில் கிடைக்கும்போது அதைச் சாப்பிட ரயிலேறிப் போவானேன்?

ராயபுரம் ராத்திரி:
காபி அண்ணன் கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. டெல்டாவிலிருந்து வருபவர்கள் சென்னையில் தேட வேண்டியது நம் ஊரில் கிடைக்காததை. வாழை இலைச் சாப்பாடும் கோயிலும் நமக்குப் பஞ்சமில்லை. பர்மா சாப்பாடு, மார்வாடித் தெருப் பலகாரம், மவுண்ட் ரோடு பிரியாணி, இதெல்லாம் துறைமுகத்தாலும் வியாபாரத்தாலும் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவை. அவற்றை வைத்து நாளைப் பிரியுங்கள்.

சனிக்கிழமை மாலையைச் சௌகார்பேட்டைக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு வேண்டாம். பாரிமுனைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடியிருக்கும், தெருவே தூங்கும். எழும்பூரில் மெட்ரோ ஏறினால் அடுத்து சென்ட்ரல், அங்கே நீலத் தடத்துக்கு மாறி உயர்நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். லிஃப்ட் இருக்கிறது, அம்மாவுக்குப் படி ஏறும் வேலை இல்லை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய்ப்பொடி இட்லியும் ஊத்தப்பமும்தான், வேறு எதுவும் போட மாட்டார்கள். சின்னச் சின்ன இட்லிகள் நெய்யிலும் பொடியிலும் புரண்டு வரும். அதை இட்லி என்று நினைத்து நம் ஊர் இட்லியோடு சண்டைக்கு விட வேண்டாம், அது வேறு ஜாதிப் பலகாரம். அங்கிருந்து தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத். சூடு ஜிலேபி, பாதாம் பால். அம்மாவும் தைரியமாகச் சாப்பிடலாம், சுத்த சைவம். மகளுக்கு முறுக்கு சாண்ட்விச் வாங்கிக் கொடுங்கள்: ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டை முறுக்கு, நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. கடித்த வேகத்தில் நொறுங்கிச் சட்டையில் விழும்.

குடமுருட்டி:
பர்மா சாப்பாடு என்றீர்களே, அது என்ன? பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், சாப்பிட்டதில்லை.

ராயபுரம் ராத்திரி:
அத்தோ. இதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன்.

பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசுடைமை ஆக்கியதும், தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறித் திரும்பினார்கள். சென்னையில் இறங்கியவர்கள் பலர் வியாசர்பாடி, துறைமுகப் பக்கம் என்று தங்கினார்கள். பிழைப்புக்குக் கைவந்த சமையலைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் சாயங்காலம் போனால் அந்த வண்டிகளைப் பார்க்கலாம்.

வண்டியில் ஆரஞ்சு நிறத்தில் அவித்த நூடுல்ஸ் குவியலாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர், எலுமிச்சை. மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான வறுவலைக் கையால் நொறுக்கிப் போட்டு விரலாலேயே பிசைவார். அடுப்பில் வைத்துக் கிளறும் வேலை எதுவும் இல்லை. பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அதிலேயே பேஜோவை ஊறப் போட்டும் சாப்பிடலாம். முட்டை மசாலா என்று ஒன்று: அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம், புளி, காரம் அடைத்துத் தருவார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பையனுக்குப் பிரியாணி மறந்துவிடும், நான் பொறுப்பு.

கும்மோணத்துக் காபி:
வாழைத்தண்டு சூப்பா! அதைத்தானே எங்கள் ஆச்சி கல்லடைப்புக்குக் கொடுப்பார்.

சீர்காழி அக்கா:
ராயபுரம் தம்பி சாப்பாட்டு ஆர்வத்தில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிறார். சௌகார்பேட்டையில் நெய் இட்லியும் ஜிலேபியும் தின்றவர் அத்தோவுக்கு வயிற்றில் எங்கே இடம் வைப்பார்? அம்மா அங்கே நிற்கவும் முடியாது. உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் இல்லை, தெருவில் மாடு, தள்ளுவண்டி, ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றோடொன்று இடிக்கும். பாட்டியும் மருமகளும் ஜிலேபியோடு அறைக்குத் திரும்பட்டும். அப்பாவும் பிள்ளைகளும் அத்தோவுக்குப் போகட்டும்.

ராயபுரம் ராத்திரி:
அக்கா சொல்வதுதான் நடக்கும் காரியம். அப்படியே செய்யுங்கள்.

நாகைக் கலங்கரை:
ஒருவரும் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. லாட்ஜிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம், பாந்தியன் சாலை. 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, கோட்டை அருங்காட்சியகமும் அப்படித்தான். நீங்கள் சனிக்கிழமை போவதால் தப்பித்தீர்கள்.

ஊரில் கிடைக்காததைத் தேடச் சொன்னார் ராயபுரம். நான் சொல்வது, ஊரிலிருந்து போனதைத் தேடுங்கள். வெண்கலக் கூடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கே இருக்கிறார். மூன்று கைகள்தான்: சிவன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. வலது காலை லேசாக மடக்கி நிற்பார். பக்கவாட்டில் போய் நின்று இடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் நேராக இறங்கும் கோடு மறுபக்கம் வளைந்து திரும்பும், நடுவில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு இடமும் தெரியாது. அதே திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளை மேல் சாய்ந்த சிவன், தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார், காளை இப்போது இல்லை, கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கும். தஞ்சாவூரில் அவரைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனால் இரண்டும் ஒரே பட்டறைக் கையோ என்று தோன்றும்.

எங்கள் ஊர்ப் புத்தர்களும் அங்கேதான். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி மண்ணைத் தோண்டத் தோண்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்கிற பௌத்த மடம் இருந்த ஊர். இன்றைக்கு நாகையில் போய்த் தேடினால் ஒன்றும் மிச்சமில்லை, எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார்கள். உள்ளங்கை அளவு புத்தர், தலையில் சுடர் மாதிரி முடி. நான் போகும்போதெல்லாம் அவர்கள் முன்னால் கொஞ்சம் கோபத்தோடுதான் நிற்பது வழக்கம்.

ஆழித்தேர்:
கோபம் நியாயம்தான். ஆனால் ஊரிலேயே வைத்திருந்தால் இந்நேரம் எத்தனை கடல் தாண்டியிருக்குமோ, அதையும் யோசியுங்கள். நம் பக்கத்துச் சாமிகள் திருட்டுப் போய் வெளிநாட்டு நீதிமன்றம் வரை ஏறிய கதைக்குப் பத்தூர் நடராஜரே சாட்சி.

நாகைக் கலங்கரை:
பத்தூரார் 1991-இல் திரும்பி வந்தும் கோயிலுக்குப் போகவில்லையே, திருவாரூர்ச் சிலைக் காப்பகத்தில்தானே வைத்தார்கள். இதை வேறு இழையில் பேசுவோம். இங்கே குடமுருட்டி அண்ணனின் பையனுக்குப் பசிக்கும்.

சீர்காழி அக்கா:
பையனுக்கு வெண்கலம் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். அதே வளாகத்தில் விலங்கியல் பகுதியில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுங்கள். தனித்தனிக் கட்டடங்கள், நடை அதிகம். அம்மாவை வெண்கலக் கூடத்துக்கு மட்டும் கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார வைக்கலாம்.

டெல்டா டிரைவர்:
பிரியாணி எங்கே என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பையன் பாவம்.

ராயபுரம் ராத்திரி:
அருங்காட்சியகம் முடிந்ததும் மவுண்ட் ரோடு புஹாரி. 1951-இல் தொடங்கிய கடை. சிக்கன் 65 அங்கே 1965-இல் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. 65 நாள் கோழி, 65 மிளகாய் என்று ஊரில் இன்னும் பல கதைகள் உலாவுகின்றன, பையனிடம் சொன்னால் எண்ணிப் பார்ப்பான். நம் பக்கத்துச் சீரகச் சம்பாப் பிரியாணியை எதிர்பார்க்காதீர்கள், அங்கே நீள அரிசி. எனக்கு நாகூர் பிரியாணிதான் உசத்தி, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அங்கே சரிப்படாது; அவரை முன்னதாகவே சைவ ஓட்டலில் சாப்பிட வைத்து அறையில் ஓய்வெடுக்க விடுங்கள்.

குடமுருட்டி:
அம்மாவையே எல்லா இடத்திலும் அறையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்களே! கபாலீசுவரரும் பார்த்தசாரதியும் அவர் கேட்ட இடங்கள். கோயில் நம் ஊரிலேயே இருக்கிறது என்று நான் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

சீர்காழி அக்கா:
ஞாயிறு அவருடைய நாள். விடிந்ததும் மயிலாப்பூர். கபாலீசுவரர் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், திறக்க மாலை 4 ஆகும். மாட வீதியில் காய்கறி, பூக் கடைகள் என்று உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். ஆருண்டேல் தெருவில் ராயர் மெஸ், சின்ன இடம், காத்திருக்கத்தான் வேண்டும். வெயில் ஏறியதும் காளத்தி ரோஸ் மில்க்.

அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. ஆனால் நிலையங்கள் எல்லாம் தூண் மேலே, அம்மாவுக்கு வேண்டாம். ஆப்பில் ஆட்டோ போடுங்கள், பேரம் பேசும் தொல்லை இல்லை. பார்த்தசாரதி கோயிலில் மூலவருக்கு மீசை உண்டு. பிரசாதத்தில் மிளகாய் சேர்க்க மாட்டார்கள், மிளகுதான். மீசை வைத்த பெருமாளை அம்மாவுக்குக் காட்டுங்கள், ஊருக்கு வந்து ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். ரத்னா கஃபே பக்கத்தில்தான். இட்லியைத் தட்டில் வைத்து, செம்பிலிருந்து சாம்பாரை அது முழுகும் வரை ஊற்றுவார்கள்.

கும்மோணத்துக் காபி:
அங்கே காபி நன்றாகத்தான் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆழித்தேர்:
இந்த இழையிலேயே பெரிய செய்தி இதுதான்.

ராயபுரம் ராத்திரி:
தேதி போடும்போது ஒன்றைப் பாருங்கள். பங்குனியில் தள்ளிப்போனால் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா வரும். எட்டாம் நாள் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரரோடு மாட வீதிக்குள் நுழையவே முடியாது. மாசி என்றால் கவலையில்லை. மாலையில் மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சக்கர நாற்காலி போவதற்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 2022-இல் வந்தது. மணலில் கால் புதையாமல் அம்மா கடல் பக்கம் வரை போகலாம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், முடிந்தால் மீன் வறுவல். பையனை அலையில் இறங்க விடாதீர்கள், உள்ளே இழுக்கும். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட்டில் ஏறலாம், திங்கள்தான் விடுமுறை. ஆனால் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், முன்னாலேயே போய்விடுங்கள்.

குடமுருட்டி:
அப்படியானால் இப்படி வைத்துக்கொள்கிறேன். சனி காலை அறையில் குளித்துச் சாப்பிட்டு அருங்காட்சியகம், மதியம் நாங்கள் புஹாரி, அம்மாவும் வீட்டுக்காரியும் சைவம். வெயில் தாழச் சௌகார்பேட்டை, ஜிலேபியோடு அவர்கள் திரும்பிவிடுவார்கள், நாங்கள் அத்தோ. ஞாயிறு மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், மெரினா, எழும்பூர். தி. நகரை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரி இன்னும் பேசவில்லை.

சீர்காழி அக்கா:
தி. நகரை அவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள் தம்பி. ஞாயிறு மதியம் திருவல்லிக்கேணி முடிந்து வெயிலில் என்ன செய்யப்போகிறீர்கள்? அம்மா படுக்கட்டும், அவரும் மகளும் பாண்டி பஜார் போய்வரட்டும். நடைபாதை அகலமாக்கியிருக்கிறார்கள், நெரிசல் ரங்கநாதன் தெரு அளவுக்கு இல்லை. அதற்குத்தான் அறையை ஞாயிறு மாலை வரை எடுக்கச் சொல்வேன். இல்லாவிட்டால் பையை எழும்பூர் நிலையக் கிளாக் ரூமில் போடலாம். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு கொண்டுபோங்கள்.

டெல்டா டிரைவர்:
டிக்கெட் போட்டாச்சா?

குடமுருட்டி:
இன்னும் திறக்கவில்லை. 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத்தானே? கொள்முதல் நிலையத்தில் மூட்டை எப்போது எடுப்பார்கள் என்று தெரிந்தால்தான் தேதி சொல்ல முடியும்.

டெல்டா டிரைவர்:
மூட்டையை நம்பிக் காத்திருந்தால் தட்கல்தான். தேதியைப் போடுங்கள், எடைக்கு நான் நிற்கிறேன்.